அரவேனு பக்கம் ஃபைபர் நெட்: கம்பெனி மாற்றும் முன் என்னென்ன பார்க்கணும்?

பனிக்காடு கேட்டது:

வணக்கம். வீடு கோத்தகிரி பக்கம் அரவேனுவில், மெயின் ரோட்டை விட்டு 400 மீட்டர் உள்ளே. நடுவில் முழுக்கத் தேயிலை, நிழலுக்கு சில்வர் ஓக். இப்போது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் ஓடுகிறது. பழைய லேண்ட்லைன் நம்பரும் (04266) அதே பெட்டியில்தான். வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை இறங்கியதும் பெட்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் 'லாஸ்' லைட் சிவப்பாக மினுக்க ஆரம்பித்துவிடும். சில நேரம் தானாகச் சரியாகும், சில நேரம் ஆள் வந்தால்தான்.

ஒரு பெரிய கம்பெனியும் உள்ளூர் கேபிள் டிவிக்காரரும் புது லைன் தருவதாகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது, எடுக்கும் முன் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இருக்கிற பெட்டியே புதுசுக்கும் ஆகுமா? லேண்ட்லைன் நம்பரைக் கூடவே கொண்டுபோக முடியுமா? பழையதை முதலில் துண்டிக்கணுமா? வீட்டில் இருந்துதான் வேலை. கேமராவைக் கோவையில் இருந்து பார்க்கவும் வேண்டும். வீடு பழைய கல் கட்டடம், கரண்ட் அடிக்கடி போகும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ட்ராப்கேபிள்:

கம்பெனியை மாற்றுகிற யோசனையை ஒரு நாள் ஓரமாக வையுங்க. முதலில் ஒரே ஒரு எண்ணைப் பார்க்கணும்: பெட்டிக்கு வந்து சேருகிற ஒளியின் அளவு. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. யூசர் நேம், பாஸ்வேர்டும் அதிலேயே. உள்ளே போய் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் அல்லது பான் என்று இருப்பதைத் திறந்தால் 'ஆர்எக்ஸ் பவர்' என்று மைனஸ் குறியோடு ஒரு எண் தெரியும். அலகு டிபிஎம். மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். 3 டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது.

-15க்கும் -24க்கும் நடுவில் இருந்தால் நல்ல லைன். -25, -26 என்றால் ஓடும், ஆனால் மழை தாங்காது. வழக்கமாகப் போடும் ஜிபான் (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துத் தரும் ஒரு முறை) பெட்டிகளுக்கு -27தான் எல்லை. அதற்குக் கீழே போனால் பெட்டிக்குக் கண் தெரியாது, சிவப்பு லைட் வரும். மறு பக்கம் -8ஐ விட வெளிச்சம் ஏறினாலும் கண் கூசும், ஆனால் 400 மீட்டர் உள்ளே இருக்கிற வீட்டில் அந்தக் கவலை வராது.

கணக்கு எப்படி வருகிறது என்றால்: எக்ஸ்சேஞ்ச் பக்கம் கிளம்பும்போது சுமார் +3 டிபிஎம். வழியில் 6 கிலோமீட்டர் ஃபைபர் என்றால் கிலோமீட்டருக்கு 0.25 வீதம் 1.5 போய்விடும். ரோட்டோரத்தில் ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் (நம்ம பக்கம் கப்ளர் என்பார்கள்) ஏறத்தாழ 7.2 டிபி தின்னும். அடுத்து எட்டாகப் பிரிப்பது 10.5. நான்கு கனெக்டர், தலைக்கு 0.3 என்று 1.2. மெஷினில் போட்ட ஜாயிண்ட் எட்டு இருந்தாலும் மொத்தம் 0.4தான். கூட்டினால் 20.8. உங்க வீட்டில் -17.8 வரணும். காகிதத்தில் -17.8, கம்பத்தில் -20, -21 என்றால் சரி என்று விடலாம். -25 வந்தால் அந்த 7 டிபியை யாரோ எங்கேயோ தொலைத்திருக்கிறார்கள். கணக்கில் பெரிய தொகை கப்ளர்தான், அது நிலையாக இருக்கும், மழைக்கு மாறாது. மழைக்கு மாறுவது மடிப்பு, கனெக்டர், தண்ணீர் புகுந்த ஜாயிண்ட் பெட்டி, இந்த மூன்றும்தான்.

அதனால் வெயில் நாள் மதியம் ஒரு தடவை, விடியற்காலைக் குளிரில் ஒரு தடவை, மழையும் காற்றும் அடிக்கும்போது ஒரு தடவை எண்ணை எழுதி இங்கே போடுங்க. காற்று அடிக்கும்போது நொடிக்கு நொடி ஆடினால் கேபிள் எங்கேயோ மரத்தில் உரசுது அல்லது மடங்குது. குளிரில் விழுந்து வெயில் ஏறியதும் சரியானால் ஃபாஸ்ட் கனெக்டர். மழை விட்டும் ஒரு நாள் முழுக்க இறங்கியே கிடந்தால் ஜாயிண்ட் பெட்டிக்குள் ஈரம்.

ஃபாஸ்ட் கனெக்டர் பற்றித் தனியாகச் சொல்லணும். இரண்டு நிமிஷத்தில் கையால் மாட்டும் பச்சைத் தலை அது. உள்ளே வெட்டிய ஃபைபர் நுனியும் கனெக்டரின் நுனியும் ஒரு சொட்டு ஜெல்லை வைத்து முட்டிக்கொண்டு நிற்கும், ஒட்டியிருக்காது. பெங்களூரில் அபார்ட்மெண்டுக்குள் அது பத்து வருஷம் ஓடலாம். இங்கே ராத்திரி 8 டிகிரி, பகல் 24, மாசக்கணக்கில் மூடுபனி. நுனி மயிரிழை நகர்ந்தாலும் 2, 3 டிபி போச்சு. வீட்டுக்குள்ளே இருக்கும் தலையாவது பரவாயில்லை. கம்பத்துப் பெட்டியில் அதை மாட்டுகிறவரிடம் ஃபைபரை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வரச் சொல்லுங்க. பிக்டெயில் (ஒரு நுனியில் தலையோடு வரும் சின்ன ஃபைபர்) வைத்து ஒட்டினால் அந்த இடத்தை மறந்துவிடலாம்.

இன்னொன்று: பச்சைத் தலையும் நீலத் தலையும் ஒன்றல்ல. பச்சைக்கு நுனி 8 டிகிரி சாய்வாகச் சீவியிருக்கும், நீலத்துக்கு நேராக. கைக்குக் கிடைத்த நீலப் பேட்ச் கார்டை (இரண்டு பக்கமும் தலை உள்ள சின்ன ஃபைபர் வயர்) பச்சை சாக்கெட்டில் செருகினால் நுழையும், லைட்டும் எரியலாம், ஆனால் பல டிபி போய்விடும், நுனியும் கீறும். நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீங்க, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை:

லைன் விஷயத்தை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். காகித விஷயத்தை நான் சொல்கிறேன்.

முதலில் நம்பர். 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த நம்பர் போர்ட்டிங் மொபைலுக்குத்தான். வீட்டு இன்டர்நெட்டையோ லேண்ட்லைனையோ அப்படி 'போர்ட்' செய்ய வழி இல்லை. ஒரே கம்பெனிக்குள் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறும்போது நம்பர் கூடவே வரும். வேறு கம்பெனிக்குப் போனால் வராது. ஆகவே 'மாறுவது' என்பது உண்மையில் இரண்டு தனி வேலை: புதிதாக ஒன்று வாங்குவது, பழையதை முறையாக முடிப்பது. அந்த 04266 நம்பர் பேங்க், கேஸ், ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதை எல்லாம் முதலில் மாற்றிவிடுங்கள். நம்பரே முக்கியம் என்றால் பழைய கம்பெனியில் இருப்பதிலேயே சின்ன பிளானுக்கு இறங்கி நம்பரை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். ஒரு பெரியவர் வீட்டில் தனியாக இருந்தால் அந்தச் செலவு வீண் இல்லை.

புதிய இணைப்புக்கு ஆதார், போட்டோ, ஓடிபி வரும் மொபைல் இவ்வளவுதான். ஆதாரில் கோவை முகவரி இருந்தால் இ.பி. பில் அல்லது வீட்டு வரி ரசீது கேட்பார்கள். வாடகை வீடென்றால் ஒப்பந்தம். எஸ்டேட் குவார்ட்டர்ஸ் என்றால் நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் ஆணி கூட அடிக்க விடமாட்டார்கள், அதை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: பெட்டி யாருடையது? நமக்கே சொந்தமா, மாத வாடகையா, திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டா? கேபிள் எத்தனை மீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு? உங்கள் 400 மீட்டருக்கு இந்தக் கேள்வியில்தான் பணம் போகும். இன்ஸ்டலேஷன் இலவசம் என்றால் எத்தனை மாத முன்பணத்துக்கு இலவசம்? விளம்பரத்தில் போடும் விலையில் 18% ஜிஎஸ்டி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 499 என்றால் கையைவிட்டுப் போவது 588.82. டேட்டா எல்லைக்கு மேல் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேளுங்கள். '100 எம்பிபிஎஸ் அன்லிமிடெட்' என்பதற்குப் பின்னால் மாதக் கடைசியில் 2, 4 எம்பிபிஎஸ் ஒளிந்திருக்கலாம்.

12 மாத முன்பணம் கட்டினால் ஒரு மாதம் இலவசம், இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். மலையில் ஒரு மழைக்காலம் தாண்டாத லைனுக்கு வருஷப் பணம் கட்டாதீர்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூன், ஜூலை. அது முடியும்வரை மாதா மாதம் கட்டுங்கள். கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் பணம் உள்ளே இருக்கும்போது பேசும் குரல் வேறு, அடுத்த மாதம் கட்டுவேனா மாட்டேனா என்றிருக்கும்போது பேசும் குரல் வேறு.

பழையதைத் துண்டிக்கும் முன் புதியது குறைந்தது ஒரு நல்ல மழையைப் பார்க்கட்டும். இரண்டுக்கும் ஒரு மாதம் சேர்த்துக் கட்டுவது நட்டமில்லை. புது லைன்மேன் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய கேபிளை வெட்டி அந்தக் கொக்கியிலேயே தன்னுடையதை மாட்டிவிட்டுப் போவது நடக்கிற காரியம்தான்.

முடிக்கும்போது வாய்வார்த்தை கூடாது. ஆப்பிலோ மெயிலிலோ எழுதிக் கொடுத்து கோரிக்கை எண் வாங்குங்கள். பில் தேதிக்கு நான்கைந்து நாள் முன் கொடுத்தால் அடுத்த பில் பிறக்காது. பேங்கிலோ யுபிஐயிலோ ஆட்டோ பே போட்டிருந்தால் அதை நீங்களே நிறுத்த வேண்டும். புகாருக்குப் பதில் வராவிட்டால் டாக்கெட் எண்ணை (புகார் பதிவு எண்) வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி அதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டாக்கெட் எண் இல்லாத புகார் புகாரே அல்ல, ஆகவே லைன்மேனுக்கு நேரடியாக போன் போட்டு வேலையை முடித்துக்கொண்டாலும் ஒரு பதிவைப் போட்டுவிட்டே போன் செய்யுங்கள்.

லேன்வயர்:

பெட்டி விஷயம். இருக்கிற பெட்டி கம்பெனிச் சொத்து என்றால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுக்கணும். சொந்தமாக வாங்கியது என்றாலும் அப்படியே ஆகிவிடும் என்று நினைக்காதீங்க. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் ஜிபான். கேபிள் டிவிக்காரர்களில் பலர் ஈபான். இரண்டும் ஒரே ஃபைபரில், ஒரே நிற ஒளியில் (கீழே வர 1490 நானோமீட்டர், மேலே போக 1310) ஓடினாலும் பேசும் பாஷை வேறு. 'எக்ஸ்பான்' என்று போட்டிருந்தால் இரண்டும் பேசும். ஜிபானில் 12 எழுத்து சீரியல் நம்பரை அவர்கள் தங்கள் பக்கம் பதியணும், ஈபானில் மேக் முகவரியை. பதிய மாட்டேன் என்று சொன்னால் உங்க பெட்டி வெறும் டப்பாதான். ஆகவே பெட்டிக்குக் காசு போடாமல் ரவுட்டரைச் சொந்தமாக நல்லதாக வாங்குங்க. அவர்கள் பெட்டியை பிரிட்ஜில் (ரவுட்டர் வேலையை உங்க ரவுட்டரிடமே விடும் முறை) போடச் சொல்லி, லைனில் லாகின் ஆகத் தேவையான பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டால் அடுத்து எத்தனை கம்பெனி மாறினாலும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறாது. கேமரா, டிவி ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்கும் தலைவலி இல்லை. ஆனால் போன் அதே பெட்டியின் சாக்கெட்டில் ஓடுவதால் பிரிட்ஜில் போட்டபின் டயல் டோன் வருகிறதா என்று லைன்மேன் போகும் முன் பார்த்துவிடுங்க.

கேமராவுக்கு ஒன்று சோதிக்கணும். ரவுட்டரின் வேன் ஐபி (கம்பெனி பக்கத்திலிருந்து அதற்குக் கிடைக்கும் முகவரி) 100.64 முதல் 100.127க்குள் ஆரம்பித்தாலோ 10 என்று ஆரம்பித்தாலோ பல வீட்டுக்குப் பொதுவாக ஒரே முகவரி என்று அர்த்தம். போர்ட் ஃபார்வர்டு போட்டு வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. க்யூஆர் ஸ்கேன் செய்து ஆப்பில் பார்க்கும் கேமராக்களுக்கு இது தடையில்லை. பழைய டிவிஆரை (கேமரா பதிவுப் பெட்டி) நேரடி முகவரியில் பார்க்கிறீர்கள் என்றால் ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான, மாறாத முகவரி) தனிக் காசு. எடுக்கும் முன் விலை கேளுங்க.

வேகத்தை வைஃபையில் அளக்காதீங்க. லேப்டாப்பை லேன் வயரில் பெட்டியோடு மாட்டி அளக்கணும். எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் 94ஐ தாண்டவில்லை என்றால் பெட்டியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது வயரில் எட்டில் நான்கு கம்பிதான் மாட்டியிருக்கிறது. இதற்கு 150 பிளான், 200 பிளான் போட்டுப் பயன் இல்லை. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். அறுந்து அறுந்து வராமல் இருப்பதுதான் முக்கியம்.

கல் சுவர் ஒன்றரை அடி கனம் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த அறைக்கே போகாது. அதிக ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்கி அதை ஜெயிக்க முடியாது. கேட்6 வயரை மச்சு வழியாக இழுத்து அடுத்த பக்கம் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வையுங்க. 100 மீட்டர் வரை வயர் தாங்கும். மெஷ் வாங்கினாலும் வயரில் இணைத்தால்தான் கல் வீட்டில் உருப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

கரண்டுக்கு: பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதே அளவு தரும் மினி யுபிஎஸ் வாங்குங்க. உள்ளே மூன்று செல், தலைக்கு 2200 எம்ஏஎச் என்றால் சுமார் 24 வாட் அவர். பெட்டி 8 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம். தனி ரவுட்டர் வேறு இருந்தால் அதில் பாதிதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம்.

ஆனால் உள்ளூர்க்காரரிடம் ஒரு கேள்வி கட்டாயம்: 'உங்க எக்ஸ்சேஞ்சில் இருந்து என் வீடு வரை நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி ஏதாவது இருக்கிறதா?' கப்ளருக்குக் கரண்ட் தேவையில்லை. பழைய ஆட்களில் சிலர் கம்பத்தில் ஸ்விட்ச், மீடியா கன்வெர்ட்டர் மாட்டி இன்னும் ஓட்டுகிறார்கள். அப்படி இருந்தால் அந்தக் கம்பத்தில் கரண்ட் போனதும் உங்க யுபிஎஸ் சும்மா எரியும்.

பனிக்காடு:

மிக்க நன்றி. எண் எடுத்தேன். மதிய வெயிலில் -22.9. விடியற்காலை -23.1. நேற்று மாலை மழையோடு காற்று: ரெஃப்ரெஷ் செய்யச் செய்ய -24.2, -27.6, -24.8, பிறகு சிவப்பு. காற்று நின்றதும் -23க்கே வந்துவிட்டது. கேபிள் சில்வர் ஓக் மரங்களில் கட்டித்தான் வருகிறது.

ட்ராப்கேபிள்:

கனெக்டர் குற்றமில்லை, குளிரில் விழவில்லையே. ஜாயிண்ட் ஈரமும் இல்லை, காற்று நின்றதும் திரும்பிவிட்டது. மரம்தான். 4, 5 டிபி ஆடுகிறது என்றால் ஏதோ ஒரு மரத்தில் கட்டுக்கம்பி கேபிளைப் பிடித்து நெரிக்கிறது. மரம் சாய்ந்தால் இறுகும், நிமிர்ந்தால் விடும். மரமும் வருஷா வருஷம் பருக்கும், கட்டு அப்படியே இருக்கும். காய்ந்த நாளில் மரம் மரமாக நடந்து போய்க் கட்டுகளைப் பாருங்க, கேபிள் மேலுறை பள்ளம் விழுந்திருக்கும் இடம் கண்ணுக்கே தெரியும். நாமே கட்டை வெட்டிவிட வேண்டாம், இழுவை போனால் மொத்தமும் தொய்ந்து தேயிலை மேல் விழும்.

இப்போது கம்பெனி மாற்றும் கேள்விக்கு வரலாம். புதுசாக வருகிற ஆளும் அதே மரங்களில் கட்டினால் அடுத்த ஐப்பசியில் இதே சிவப்பு லைட்தான், பில்லில் பெயர் மட்டும் வேறு. அதனால் இரண்டு பேரிடமும், இப்போதைய கம்பெனியிடமும் ஒரே கேள்வி கேளுங்க: அந்த 400 மீட்டரை எப்படிக் கடப்பீர்கள்?

ஒழுங்கான பதில் இதுதான். ஸ்டீல் கம்பி சேர்ந்த தட்டை ட்ராப் கேபிளை ஒரே இழுவையில் 50 மீட்டருக்கு மேல் விடக்கூடாது. 400 மீட்டருக்கு நடுவில் ஏழெட்டு ஜிஐ பைப் கம்பம் வேணும். இ.பி. கம்பத்தில் அனுமதி இல்லாமல் கட்டினது எந்த நாளும் வெட்டுப்படலாம், கேட்க ஆள் கிடையாது. கம்பம் நட எஸ்டேட் சம்மதம் எழுத்தில் வேணும். கம்பச் செலவு அதிகம் என்றால் தரையில் போட்டுவிடலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீங்க. கவாத்து வெட்டும் வருஷம் கத்தி எங்கே இறங்கும் என்று யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். ஒரு வெட்டு, கேபிளும் சேர்ந்து போகும். புதைப்பதென்றால் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்புக்குள், நடைபாதை ஓரமாக, ஒரு முழம் ஆழத்தில். உயரமும் பாருங்க: காட்டு மாடு நடக்கும் தடத்தில் கேபிள் தலைக்கு மேல் நன்றாகத் தூக்கி இருக்கணும், கொம்பில் மாட்டினால் அது நிற்காது, இழுத்துக்கொண்டே போகும். குரங்குக்கு மட்டும் மருந்து இல்லை. இழுவை சரியாக இருந்தால் ஊஞ்சல் ஆடினாலும் தாங்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கு. உங்க பக்கம் நாலைந்து வீடு இருந்தால் சேர்ந்து கேளுங்க. ஒரு வீட்டுக்காகக் கம்பம் நட மாட்டேன் என்பவர் ஐந்து வீட்டுக்காக நடுவார். கனமான 4 கோர் (நான்கு இழை) கேபிளை உள்ளே கொண்டுவந்து, எட்டு வழிக் கப்ளர் பெட்டியை உங்க வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கென்று தனியாக வருவது 50 மீட்டர்தான். பழுது வந்தாலும் ஐந்து வீட்டு புகார் ஒன்றாகப் போகும்.

வீட்டுக்குள் நுழைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டைக் கேபிளின் ஓரத்தில் ஓடும் ஸ்டீல் கம்பியை வெளிச்சுவர்க் கொக்கியில் சுற்றி அங்கேயே வெட்டிவிடணும். ஃபைபர் இருக்கும் மெல்லிய பாகம் மட்டும் உள்ளே வரணும். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது, அந்த ஸ்டீல் கம்பியில் ஏறும். துளைக்கு முன்னால் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்து நுழைத்தால் மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. துளையும் உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்து போகணும். உள்ளே மீதிக் கேபிளை ஆணியில் நெருக்கிச் சுற்றாதீங்க. வளைவைத் தாங்கும் ஜி.657 ஏ1 வகை ஃபைபருக்கே வளைவின் ஆரம் 10 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, பழைய ஜி.652 என்றால் 30. காபி டம்ளர் வாய் அகலத்தில் சுற்றினால் எந்த வகைக்கும் பயமில்லை.

பெருமாள்மலை:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. வீட்டுக்கு வரும் கடைசி 400 மீட்டர் மாதிரியே மலையிலிருந்து கீழே இறங்கும் வழியும் முக்கியம். இரண்டு கம்பெனி எடுத்தால் ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்பது பாதி உண்மைதான். இங்கே வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து கொடைக்கானல் வரை ஒரே ரோடு. இரண்டு கம்பெனி கேபிளும் ரோட்டோரமாகவே வந்தால், அந்த ஒரு துண்டில் மரம் சாய்ந்தாலோ ஜேசிபி தோண்டினாலோ இரண்டும் சேர்ந்து போகும்.

உங்களுக்கு கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் ஒரு வழி, குன்னூர், பர்லியார் வழி இன்னொன்று. 'உங்க லைன் எந்த ரோட்டில் இறங்குது, அது அடைபட்டால் மாற்று வழி இருக்கா' என்று கேளுங்க. 2009 நவம்பரில் அந்த மலை முழுக்க மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றாது. உள்ளூர்க்காரரே பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி விற்கிறவராகவும் இருக்கலாம். அப்படியென்றால் இரண்டும் ஒரே வழிதான்.

பெரிய கம்பெனியா, உள்ளூரா என்றால் என் ஓட்டு இதற்கு: ஸ்ப்ளைசிங் மெஷின் யாரிடம் இருக்கு, அந்த மெஷின் ராத்திரி எந்த ஊரில் தூங்குது? கோத்தகிரியிலேயே இருந்தால் நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரணும் என்றால் கேபிள் அறுகிற அன்றைக்கு ரோடும் அடைபட்டிருக்கும்.

லேன்வயர்:

சரியான பேச்சு. மாற்றுக்கு இரண்டாவது ஃபைபரை விட ஒரு சிம் ரவுட்டர் மலிவு. 5ஜி வீட்டு இணைப்பும் இப்போது தருகிறார்கள், ஆனால் டவர் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் வீடு இருந்தால் காசைப் போடும் முன் அதே கம்பெனி சிம்மைப் போனில் போட்டு, பெட்டி வைக்கப் போகும் இடத்தில் நின்று காலை, இரவு இரண்டு வேளையும் அளந்துவிடுங்க.

பனிக்காடு:

மரம் மரமாகப் போய்ப் பார்த்தோம். ஐந்தாவது மரத்தில் கட்டுக்கம்பி கேபிளுக்குள் பதிந்து கிடக்கிறது. பழைய கம்பெனியில் டாக்கெட் போட்டுவிட்டேன். கேபிள்காரர் ஐந்து வீடு சேர்ந்தால் கம்பம் நட்டு கப்ளர் பெட்டி வைக்கிறேன் என்கிறார், மெஷின் கோத்தகிரியில்தான். அவரிடம் மாத பிளான் எடுத்து இரண்டையும் கார்த்திகை வரை ஓட்டலாம் என்று முடிவு. வேலை முடிந்த அன்று கடைசியாக எதை உறுதி செய்துகொள்ளணும்?

ட்ராப்கேபிள்:

அவர் பவர் மீட்டரை மாட்டி எண்ணைக் காட்டச் சொல்லுங்க, மீட்டர் 1490இல் இருக்கணும். அந்த எண்ணை பெட்டி மேலேயே மார்க்கரில் தேதியோடு எழுதிவையுங்க. பெட்டி காட்டும் எண்ணும் மீட்டர் எண்ணும் ஒன்று, ஒன்றரை டிபிக்குள் ஒத்துப்போகணும். -22க்குக் கீழே என்றால் கையெழுத்துப் போடாதீங்க. பிறகு கேபிளை வாசல் கொக்கிக்குப் பக்கத்தில் பிடித்து லேசாக ஆட்டச் சொல்லி அதே நேரம் எண்ணைப் பாருங்க. அசையக்கூடாது.

கணக்குப்பிள்ளை:

கார்த்திகை தாண்டிப் பழையதை முடிக்கும் நாளில் பெட்டி, அடாப்டர், பேட்ச் கார்டு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அடாப்டர் இல்லை என்று டெபாசிட்டில் கழிப்பார்கள். கொடுக்கும் முன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறவர் 'ஆபீஸில் என்ட்ரி போட்டுவிடுகிறேன்' என்றால் பெட்டியைக் கொடுக்க வேண்டாம், ரசீது கையில் வந்த பிறகு கொடுத்தால் போதும். ரசீதில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரோடு ஒத்துப் பாருங்கள்.